உலகம் என்னும் சொல்லும் கீழ்ப்படிதல் என்னும் அறமும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து

முன்னுரை

கிறித்தவத் தமிழ்க் காப்பியங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடந்துள்ளன. அவற்றில் கம்பரின் சொல்லும் உவமையும் யாப்பும் எங்கெங்கே பயில்கின்றன எனத் தேடுவது ஒன்று. மூலக்கதையோடு ஒப்பிட்டுத் தழுவலின் அளவைக் கணக்கிடுவது மற்றொன்று. இரண்டும் தேவையானவையே. ஆயினும் இவை காப்பியம் எதை எங்கிருந்து பெற்றது என்ற வினாவுக்கே விடை தருகின்றன. பெற்றவற்றைக் கொண்டு அது எதைச் சொல்ல முயன்றது, அம்முயற்சியில் தமிழ் மரபு எங்கே துணை நின்றது, எங்கே தடையாக நின்றது என்ற வினா இன்னும் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தை அவ்வினாவோடு அணுக இக்கட்டுரை முற்படுகிறது. இறைவனுக்குக் கீழ்ப்படிதல், உலகத்தின் ஈர்ப்புக்கு இணங்காதிருத்தல் ஆகிய இரண்டும் அந்நூலின் நடுநாயகமான அறங்கள். இவற்றுள் முதலாவதைப் பாடுவதற்குரிய மொழி தமிழில் ஆயத்தமாக இருந்தது. இரண்டாவதைப் பாடுவதற்குரிய மொழி அவ்வாறு இருக்கவில்லை. 'உலகம்' என்ற சொல்லே அவ்விடத்தில் குறுக்கே நின்றது. அந்த இடர்ப்பாட்டைப் புலவர் எதிர்கொண்ட விதத்திலேயே நூலின் தனித்தன்மை உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. தமிழ் மரபில் உலகம்

தமிழ்ப் புலவனுக்கு உலகம் என்பது மங்கலச் சொல். திருமுருகாற்றுப்படை, சீவக சிந்தாமணி, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றின் தொடக்கச் செய்யுள்களில் அச்சொல் அமைந்திருப்பதை உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் பலகாலும் சுட்டியுள்ளனர். நூல் இனிது முடிய வேண்டுமெனின் உலகை முன்னிறுத்துவது மரபு.

மங்கலச் சொல்லாதலோடு, உலகம் என்பது அறத்தின் அளவுகோலாகவும் நின்றது. வழக்கு என்பது உயர்ந்தோரிடத்தது எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். திருக்குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம், உலகத்தோடு பொருந்தி வாழக் கல்லாதவர் பல நூல் கற்றும் அறிவிலார் என்கிறது. அறிவுடைமை அதிகாரமும் உலகம் நடக்கும் நெறியில் நடப்பதையே அறிவு எனக் காட்டுகிறது. துறவிக்குரிய கூடாவொழுக்கம் அதிகாரத்திலும், உலகம் பழித்ததை விலக்கினால் தலையை மழிப்பதும் சடை வளர்ப்பதும் வேண்டா என்ற முடிவு காணப்படுகிறது. இவ்விடங்களில் உலகம் என்றது உயர்ந்தோரை எனப் பரிமேலழகர் உரை காண்பது அறியத்தக்கது. புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக் குறளோ மேலும் கடுமையானது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் மண்ணுலகில் பேயாக எண்ணப்படுவான் என்பது அதன் கருத்து.

இம்மரபில் ஊறிய ஒருவரிடம் 'உலகத்துக்கு இணங்காதே' என்று கூறினால் அவர் என்ன பொருள் கொள்வார்? உயர்ந்தோர் வழக்கைக் கைவிடு என்று அறிவுறுத்துவதாகவே கொள்ளக்கூடும். அறத்தை வலியுறுத்தும் ஓர் அறிவுரை அறக்கேடாக ஒலிக்கும் இடர் இங்கே உண்டு.

ஆயினும் தமிழ் மரபில் இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. உலகம் நிலைத்திருப்பதற்குக் காரணமான சான்றோரைப் பாடும் புறநானூற்றின் 182ஆம் பாட்டு, பழியோடு வருவதாயின் உலகம் முழுவதையும் பெறுவதாயினும் அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்கிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் அப்பாட்டில், உலகைத் தாங்குபவரே உலகைப் பெற மறுப்பவராகவும் உள்ளனர். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கிக்கொண்டு உயிரை இழப்பவனுக்கு என்ன பயன் என்ற நற்செய்தி நூலின் வினாவை இப்பாட்டோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தும். இரண்டின் சமயப் பின்னணியும் வேறு. எனினும், உலகம் தரும் பேறு ஒன்றை உலகின் பொருட்டே மறுக்கலாம் என்ற எண்ணம் தமிழுக்கு அயலானதன்று என்பது இதனால் பெறப்படும்.

2. திருமறையில் உலகம்

விவிலியத்திலும் உலகம் ஒருபொருட் சொல் அன்று. யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் உலகம் இறைவனால் அன்பு செய்யப்பட்டது. அவர் பெயரால் அமைந்த முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்திலோ உலகத்தின்மீது அன்பு கொள்ளலாகாது எனப்படுகிறது. நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களுக்காக வேண்டும்போது, அவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடுமாறு கேட்கவில்லை. தீமையிலிருந்து காக்குமாறே கேட்கிறார். எனவே கிறித்தவ மரபில் உலகம் என்பது படைப்பு, மக்கட்பரப்பு, இறைவனுக்கு எதிராக அமைந்த வாழ்முறை என்னும் மூன்று பொருள்களில் வழங்குகிறது. மறுக்கப்படுவது மூன்றாவது மட்டுமே. சொல் ஒன்றாயிருப்பதால் மூன்றும் மயங்குவதற்கு இடம் உண்டாகிறது.

பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத் தொடக்கத்தைத் தமிழாக்கியவர்கள் இம்மயக்கத்தை ஓரளவு உணர்ந்திருந்தனர் எனலாம். சீர்திருத்தத் திருச்சபையாரிடையே பெருவழக்குப் பெற்ற பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'உலகம்' என்ற சொல்லை ஆளாமல் 'பிரபஞ்சம்' என்ற சொல்லை ஆள்கிறது. அதற்கு இணங்குதலை 'வேஷம்' என்ற சொல்லால் குறிக்கிறது. வேஷம் என்பது கூத்துக்களரிச் சொல். உலகத்துக்கு இணங்குதல் என்பது தனக்கு உரியதல்லாத கோலத்தைப் புனைந்துகொள்ளுதல் என்ற குறிப்பு அச்சொல்லால் தமிழுக்குக் கிடைத்தது. இக்குறிப்பு இரட்சணிய யாத்திரிகத்தைப் படிப்பதற்கும் உதவும். அது பின்னர் விளக்கப்படும்.

கீழ்ப்படிதல் என்பதற்கோ இத்தகைய இடர் இல்லை. ஏவல், பணி, தொண்டு, ஆட்படுதல், அடிமை எனப் பத்தி இலக்கியம் வளர்த்த சொற்கள் பல. வைணவ மரபு தன்னை இறைவனுக்கு உரிய பொருளாகக் கருதும் நிலையை ஒரு கோட்பாடாகவே வகுத்தது. திருநெல்வேலிப் பகுதியில் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்த கிருஷ்ணப் பிள்ளைக்கு இம்மொழி பிறந்த வீட்டுச் செல்வம். தம் காப்பியத்தினிடையே அமைத்த இசைப்பாக்களுக்கு அவர் தேவாரம் என்றே பெயரிட்டதும் ஈண்டு எண்ணத்தக்கது. அடைக்கலம் புகும் குரலுக்கு அவர் புதிய மொழியைத் தேடவேண்டியிருக்கவில்லை.

3. பன்யனின் உலகமும் கிருஷ்ணப் பிள்ளையின் உலகமும்

இரட்சணிய யாத்திரிகத்தின் மூலக்கதை ஜான் பன்யன் (1628-1688) எழுதிய ஆங்கில உரைநடை நூல். அதன் முதற்பகுதி 1678இலும் இரண்டாம் பகுதி 1684இலும் வெளிவந்தன. பாத்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலினரான பன்யன், அரசின் திருச்சபை ஒழுங்குக்கு உட்படாமல் போதித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். அவருக்கு இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பது அரசின் ஆணைக்குக் கீழ்ப்படியாமையாக முடிந்தது. போதிப்பதில்லை என்று உறுதி கூறியிருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவருடைய கதையில் வரும் மாயச் சந்தையில் வீடு, நிலம், பட்டம், பதவி, அரசு, இன்பம் யாவும் விலைக்கு உள்ளன. யாத்திரிகர்களின் உடையும் பேச்சும் அச்சந்தையாருக்கு அயலாகத் தோன்றுகின்றன. கடைப்பொருள்களை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்காததே குற்றமாகிறது. பித்தர் என்று இகழப்பட்டு, கூண்டில் அடைக்கப்பட்டு, வழக்காடு மன்றத்தில் நிறுத்தப்படுகின்றனர். அவருள் ஒருவர் கொல்லப்படுகிறார். உலகம் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாக எண்ணப்படுவான் என்ற குறளின் கருத்தை, பேயாக எண்ணப்பட்டவனின் பக்கம் நின்று எழுதியது போன்றது இப்பகுதி.

கிருஷ்ணப் பிள்ளையின் நிலை இதற்கு நேர் மாறானது. அவர் 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். பன்யனைச் சிறையிட்ட அதே திருச்சபை மரபு அது. மேலும், அது நாட்டை ஆண்டவர்களின் சமயமாகவும் இருந்தது. பன்யன் அரசையும் அரசின் திருச்சபையையும் எதிர்த்து நின்று உலகத்தை மறுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதம் மாறிய தமிழரோ உலக ஆதாயத்துக்காகவே மாறினார் என்ற ஐயத்துக்கு ஆளானவர். உலகத்தை மறுத்ததாக அவர் சொல்லும் செயலையே அவருடைய ஊரார் உலகத்துக்கு இணங்கியதாகக் கண்டிருக்கக்கூடும்.

இவ்வேறுபாட்டை நோக்காமல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. மறுப்பது எதை என்பதைத் தெளிவாக்கும் கடமை பன்யனைவிடக் கிருஷ்ணப் பிள்ளைக்கு மிகுதி. சாயர்புரத்தில் பணியேற்று ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் மதம் மாறினார் என்பதும், அப்பணிக்கு மதமாற்றம் முன்நிபந்தனையாக இருக்கவில்லை என்பதும் அவர்மீது எழக்கூடிய ஐயத்தை ஓரளவு தணிக்கும். ஆனால் வாழ்க்கை வரலாற்றுச் சான்று மட்டும் இலக்கிய விடையாகாது. விடை நூலினுள் தேடப்படவேண்டும்.

இங்கு ஒரு செய்தி துணைசெய்கிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலில், வளர்ந்தவர்க்குரிய திருமுழுக்கு முறைமையில் இரண்டு வினாக்கள் அமைந்துள்ளன. உலகத்தின் வீண் ஆடம்பரத்தையும் புகழையும் விலக்குகிறாயா என்ற பொருளுடையது ஒன்று. இறைவனின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து வாழ்நாளெல்லாம் அவற்றில் நடப்பாயா என்ற பொருளுடையது மற்றொன்று. விலக்குதல் ஒரு நாளில் சொல்லப்படும் சொல். நடத்தல் வாழ்நாள் முழுவதும் நீளும் செயல். அந்த நடையே யாத்திரையாக விரிவதைக் காப்பியத்தில் காண்கிறோம். நற்போதகம் என்னும் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாகி, ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களாக விரிந்த இந்நூலை, முப்பதாம் அகவையை ஒட்டிச் சொன்ன ஒரு விடைக்கு முதுமைவரை எழுதிய விளக்கமாகக் கொள்வது பொருந்தும்.

4. நகரைப் பாடும் மரபும் நகரை நீங்கும் கதையும்

தமிழ்க் காப்பிய இலக்கணம் நாட்டையும் நகரையும் புகழ்ந்து பாடுவதை எதிர்பார்க்கிறது. நாட்டின் வளமும் நகரின் மாடமும் தலைவனின் சிறப்புக்கு முன்னுரையாகின்றன. தேம்பாவணி இம்மரபை இயல்பாகவே ஏற்றது. 1726இல் வீரமாமுனிவர் (1680-1747) இயற்றிய அக்காப்பியத்தின் தொடக்கத்தில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் உள்ளன. அதன் வணக்கச் செய்யுள் உலகைச் சீரியது எனச் சிறப்பித்தே இறைவனைப் போற்றுகிறது. உலகம் அங்கே படைப்பு. படைப்பைப் பழிப்பது படைத்தவனைப் பழிப்பதாகும்.

தேம்பாவணியின் தலைவனாகிய வளன் இளமையில் துறவை நாடிக் காட்டுக்குச் செல்கிறான். முதியவர் வடிவில் எதிர்ப்படும் வானவன், ஊரில் வாழ்ந்தே இறைப்பணி செய்தல் உயர்ந்தது என்று அறிவுறுத்த, அவன் மீள்கிறான். இங்குக் கீழ்ப்படிதல் என்பது உலகத்துக்குத் திரும்புதல். தன் விருப்பமாகிய துறவையே வளன் துறக்க வேண்டியிருக்கிறது. உலகத்தை விடுவதாகச் சொல்லிக்கொண்டு தன் விருப்பத்தைப் பின்பற்றுவதும் உலகப்பற்றே என்ற நுட்பமான கருத்து இந்நிகழ்ச்சியில் பொதிந்துள்ளது.

இரட்சணிய யாத்திரிகத்தின் கதையமைப்போ தலைவனை நகரிலிருந்து வெளியேறச் செய்கிறது. அழிவுக்கு உரிய ஊரைவிட்டு அவன் நீங்காமல் கதை தொடங்காது. வழியில் சந்தை கூடிய நகர் ஒன்றை ஏற்காமல் கடந்தால்தான் கதை முடியும். புகழ்வதற்குரிய நகரோ பயணத்தின் இறுதியில் ஆற்றுக்கு அப்பால் உள்ளது. காப்பிய மரபு தொடக்கத்தில் வைக்கும் நகர்ப்புகழைக் கதையின் இயல்பே இறுதிக்குத் தள்ளிவிடுகிறது. இதனை மூலநூலின் விளைவு என்று மட்டும் கூறிவிடலாம். எனினும் உரைநடையில் கதை கூறிய பன்யனுக்கு நகர்ப்படலம் பாடும் கடமை இல்லை. காப்பியம் பாடிய தமிழ்ப் புலவருக்கு அது உண்டு. ஆகவே நகரை நீங்குதல் தமிழில் வெறும் கதைநிகழ்ச்சியாக அமையாமல் இலக்கிய மரபோடு நிகழ்த்தும் உரையாடலாகவும் ஆகிறது.

அவ்வுரையாடலில் கம்பர் துணைநிற்கிறார். கம்பராமாயணத்தில் நகரை நீங்குதலே கீழ்ப்படிதலின் உச்சம். கைகேயி காட்டுக்குச் செல்லுமாறு கூறும்போது, அரசன் பணியாக அல்லாமல் அவள் பணியாக இருந்தாலும் மறுப்பதற்கில்லை என்ற பொருளில் இராமன் விடையிறுக்கிறான். அரசை ஏற்கச் சொன்னபோது மலராத முகம் காட்டை ஏற்கச் சொன்னபோது வாடவும் இல்லை. ஏவலுக்கு உட்பட்டு ஊரை நீங்கும் தலைவனைத் தமிழ் நெஞ்சம் முன்னரே அறியும். கம்பரிடம் பயின்ற புலவர் உவமையையும் விருத்தத்தையும் மட்டும் கற்றுக்கொண்டதாகக் கூறுவது குறைவுடைய கூற்று. கீழ்ப்படிந்து வெளியேறுவதற்கும் ஒரு பெருமித நடை உண்டு என்பதையும் அவரிடம் கற்றார் எனல் வேண்டும்.

வேறுபாடும் உண்டு. இராமன் நீங்கும்போது அயோத்தி அழுகிறது. நகர்நீங்கு படலத்தில் மக்களொடு மாவும் புள்ளும் அழுகின்றன. உலகம் அவன் பக்கம் நிற்கிறது. யாத்திரிகனின் ஊரோ அவனை இகழ்கிறது, அல்லது தடுக்கிறது. இராமனின் கீழ்ப்படிதலை உலகம் உயர்ந்தோர் ஒழுக்கம் எனப் போற்றும். யாத்திரிகனின் கீழ்ப்படிதலை உலகம் அறிவின்மை எனப் பழிக்கும். உலகத்தின் சான்றிதழ் இல்லாமல் ஒருவன் அறத்தில் நிற்க முடியுமா என்ற வினா இங்கு எழுகிறது. கிருஷ்ணப் பிள்ளை இதற்குத் தரும் விடை குமார பருவத்தில் உள்ளது.

5. கயிறும் கட்டும்

குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலம் இயேசு பிடிக்கப்பட்டு, பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டு, சிலுவைக்குக் கொண்டுசெல்லப்படும் நிகழ்ச்சிகளைப் பாடுவது. பாடத்திட்டங்களில் இடம்பெற்றுப் பலராலும் அறியப்பட்ட பகுதி அது. எனினும் அது பெரும்பாலும் துன்பச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்படுகிறது. காப்பியத்தின் கருத்துநிலைக்கு அதுவே அச்சு என்பது எடுத்துரைக்கப்படுவது அரிது.

அப்படலத்தில், கட்டுண்டு நிற்கும் இறைமகனைப் பாடும் செய்யுள் ஒன்று உள்ளது. அவரைக் கட்டியது கயிறு என்று எண்ணாதீர்கள் எனப் புலவர் நேரடியாகப் படிப்பவரை நோக்கிக் கூறுகிறார். தம்மைப் பகைத்த இழிந்த மானிடரை நினைந்து உருகும் அன்பாகிய தளையை நீக்க இயலாமையாலேயே அவர் ஓர் ஏழையைப் போல ஒடுங்கி நின்றார் என்பது அதன் கருத்து.

இச்செய்யுளில் கயிற்றைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் பாசம் என்பது. இச்சொல்லின் தேர்வு தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். அங்கே பாசம் உயிரைக் கட்டி இறைவனிடமிருந்து விலக்கி வைப்பது. உலகப்பற்றுக்கு அதுவே பொதுப்பெயராகவும் வழங்கும். இரட்சணிய யாத்திரிகத்தின் செய்யுள் இக்கருத்தைத் திருப்பிவைக்கிறது. கட்டப்பட்டிருப்பவன் உயிரன்று, இறைமகன். அவனைக் கட்டியிருப்பது உலகப்பற்று அன்று, உலகத்தார்மீது கொண்ட அன்பு. பாசத்தை அறுப்பதே விடுதலை என்று கூறிவந்த மொழியில், அறுக்க வல்லவன் அறுக்காது நிற்பதே விடுதலைக்கு வழி என்று இச்செய்யுள் கூறுகிறது.

கீழ்ப்படிதலும் உலக மறுப்பும் இங்கு ஒன்றாகின்றன. இயேசு உலகத்தின் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் உலகத்தாரைக் கைவிடவும் இல்லை. யோவானிடம் நாம் கண்ட முரண், அதாவது உலகம் அன்புக்கு உரியதாகவும் அன்பு கொள்ளலாகாததாகவும் இருக்கும் நிலை, இந்த ஒரு காட்சியில் தீர்வு பெறுகிறது. உலகத்தின் முறைமை மறுக்கப்படுகிறது. உலகத்து மக்கள் ஏற்கப்படுகின்றனர். கீழ்ப்படிதல் என்பது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தல்.

இதனை அடுத்து, ஏளனக் காட்சியைக் காணவேண்டும். நற்செய்தி நூல்கள் கூறுமாறு, படைவீரர்கள் அவருக்குச் செந்நிற அங்கி போர்த்தி, முள்ளால் முடி சூட்டி நகையாடுகின்றனர். முன்னர்க் கண்ட வேஷம் என்ற சொல்லை இங்கு நினைவுகூர்தல் தகும். உலகத்துக்கு ஒத்த வேடம் புனையலாகாது என்ற அறிவுரை ஒருபுறம். உலகமே வலிந்து வேடம் புனைவிக்கும் காட்சி மறுபுறம். அரசக் கோலம் அவருக்கு ஏளனமாக அணிவிக்கப்படுகிறது. அக்கோலத்தை அவர் எதிர்க்கவும் இல்லை, அதனால் மாறவும் இல்லை. உலகத்தின் கோலம் மேனியில் கிடந்தும் உள்ளத்தைத் தீண்டாதிருக்கும் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இப்பகுதியைப் பயிலும்போது ஒரு குறையையும் கூறவேண்டும். கொல்லத் துணிந்த கூட்டத்தாரை ஓர் இனத்தின் பெயரால் சுட்டும் வழக்கம் ஐரோப்பியப் பக்தி நூல்கள் வழியாகத் தமிழ்க் கிறித்தவப் பாடல்களுக்கும் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை அறிந்த நாம் அவ்வழக்கைத் தயக்கமின்றி ஏற்க இயலாது. இயேசுவும் அவருடைய சீடரும் அழுத பெண்களும் அதே இனத்தவர். தீர்ப்பளித்தவர் உரோமைப் பேரரசின் ஆளுநர். செய்யுளின் உள்ளோட்டமே இதற்கு மாற்றாக உள்ளது என்பது கருதத்தக்கது. பகைத்தவர் எவராயினும் அவரே அன்புக்கு உரியவர் என்பதன்றோ கயிற்றுச் செய்யுளின் பொருள்?

6. உலகம் எது?

உலகத்தை மறுத்தல் வேண்டும் என்பதில் கிறித்தவர் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எது உலகம் என்பதிலேயே வேற்றுமை தோன்றியது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) தம் முதுமையில் புதிய மிஷனரிகளோடு கொண்ட பிணக்கு இதற்குச் சான்று. ஆலயத்தில் சாதிவாரியாக அமர்தல் முதலிய வழக்கங்களைப் புதிய மிஷனரிகள் புறச்சமய எச்சங்கள் எனக் கண்டித்தனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் அவை சமயம் சாராத உலக ஆசாரங்கள், அவற்றில் திருச்சபை தலையிடுதல் ஆகாது என்றனர். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கைவிடப்படவேண்டும் என ஆணையிட்டார். பலர் அதனை ஏற்கவில்லை.

இப்பிணக்கில் உலகம் என்ற சொல் ஒரு புகலிடமாகப் பயன்பட்டதை உணரலாம். இறைவனுக்குரியது ஒன்று, உலகத்துக்குரியது ஒன்று எனப் பிரித்துவிட்டால் உலகத்துக்குரியது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடும். உலகம் என்பது உயர்ந்தோர் என்ற பழைய பொருளும் இதற்கு அரண் செய்தது. உயர்ந்தோர் யார் என்று கேட்கப்படாத வரையில் உலகத்தோடு பொருந்துதல் என்பது இருக்கும் ஏற்றத்தாழ்வோடு பொருந்துதலாகவே முடியும். சாஸ்திரியாரின் பாடற்பெருமையைக் குறைக்காமலேயே, இவ்வழக்கில் அவர் உலகத்தை மறுக்கவில்லை என்று கூறுதல் வேண்டும். மிஷனரிகளும் தமிழரின் பூவையும் இசையையும் சடங்கையும் உலகம் என ஐயுற்ற அளவுக்குத் தம் ஐரோப்பியப் பழக்கங்களை ஐயுறவில்லை என்பதையும் உடன் கூறுதல் நேர்மை.

இவ்வரலாற்றுக்குப் பின் எழுந்தது இரட்சணிய யாத்திரிகம். அது சாதியை எதிர்த்து எழுதப்பட்ட நூல் என்று நான் வாதிடவில்லை. வேளாளக் குடியில் பிறந்து, உயர்தமிழ்ச் செய்யுளில், கற்றார்க்கென எழுதப்பட்ட காப்பியம் அது. ஆயினும் நாம் மேலே கண்ட கயிற்றுச் செய்யுளில் ஒரு சொல் நின்று நோக்கத்தக்கது. கட்டியவர்களைக் குறிக்கப் புலவர் நீசம் என்ற அடையை ஆள்கிறார். பிறப்பால் தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டவர்கள்மீது நெடுங்காலம் எறியப்பட்டுவந்த சொல் அது. செய்யுளிலோ அது செயலால் இழிந்தவர்களைச் சுட்டுகிறது. தீர்ப்பு வழங்கும் இடத்திலும் காவல் புரியும் இடத்திலும் இருப்போர், உலகம் உயர்ந்தோர் எனக் கொள்வோர், இங்கே நீசராகின்றனர். உலகம் ஏழையென ஒதுக்கியவர் இறைமகனாக நிற்கிறார். புலவர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பதை உறுதி கூற இயலாது. சொல் இடம்பெயர்ந்துள்ளது என்பது மட்டும் உறுதி. அறத்தின் அளவுகோல் உலகத்தின் கையிலிருந்து விடுபட்டால், உயர்ந்தோர், இழிந்தோர் என்ற சொற்களும் தம் பழைய இடத்தில் நிற்க மாட்டா.

முடிவுரை

கிறித்தவ இலக்கியத்தை அயற்சரக்கு என ஒதுக்குவோரும் உண்டு. அதில் உள்ள தமிழ்மரபை உலகச் சாயல் என ஐயுறுவோரும் உண்டு. இருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். வடிவத்தை உலகம் எனவும் பொருளைச் சமயம் எனவும் பிரித்துவிடுகின்றனர். இரட்சணிய யாத்திரிகம் அப்பிரிவினையை ஏற்கவில்லை. விருத்தத்தையும் தேவாரத்தையும் பாசம் என்ற சொல்லையும் அது கைவிடவில்லை. அவற்றைக் கொண்டே உலகத்தின் முறைமையோடு வழக்காடியது. மொழியை நீங்குவது கீழ்ப்படிதல் அன்று, மொழியினுள் பொருந்தியிருக்கும் தீர்ப்புகளை மீள ஆராய்வதே கீழ்ப்படிதல் என்பது அந்நூலின் நடைமுறையால் பெறப்படும் கருத்து.

இதனால் ஆய்வுக்குரிய பணி ஒன்றும் தெளிவாகிறது. உலகம், பாசம், நீசம், வேஷம், ஏவல் போன்ற சொற்கள் சமணம், சைவம், வைணவம், இசுலாம், கிறித்தவம் ஆகிய சமயங்களின் தமிழ்நூல்களில் எவ்வெவ்வாறு பொருள் பெயர்ந்துள்ளன என்பதைச் சொல்தோறும் பின்பற்றிக் காணுதல் வேண்டும். எந்த நூல் யாரிடமிருந்து பெற்றது என்ற கணக்கைவிட அது பயன் மிக்கதாகும்.

உலகத்தோடு பொருந்தி வாழ்க என்று வள்ளுவர் கூறியதும், உலகத்துக்கு இணங்காதே என்று பவுல் கூறியதும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. முன்னது சான்றோரைக் கருதியது; பின்னது சந்தையைக் கருதியது. இடர்ப்பாடு, சந்தை சான்றோரின் பெயரைச் சூடிக்கொண்டு வரும்போதுதான். அப்போது இரண்டையும் பிரித்தறியும் நிதானம் வேண்டும். மாயச் சந்தையில் உயிர் கொடுக்கும் யாத்திரிகனுக்குத் தமிழ்க் காப்பியம் நிதானி என்று பெயரிட்டிருப்பது அதனாலேயே பொருத்தமாகிறது.